ஆபரேட்டர் அக்கா கேட்ட சுவர்

அக்கா ஒரே கேள்வியை மூன்று பேரிடம் கேட்பார். "இது ஆலங்குடி பஸ்தானே?" என்று என்னிடம் கேட்டு, ஆமாம் என்று சொன்ன என் வாய் மூடுவதற்குள் பின்னால் நிற்பவரிடம் திரும்பி, "ஏங்க, இது எந்த ஊரு பஸ்ஸுங்க?" என்பார். ஏறி உட்கார்ந்த பிறகு கண்டக்டரிடம் ஒரு தரம். புதுக்கோட்டையில் ஒரே அலுவலகத்தில் வேலை, இரண்டு பேருக்கும் திருவரங்குளத்தில் வாடகை வீடு, சாயங்காலம் ஒரே பஸ். முதல் வாரம் எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன பொய்யா சொல்கிறேன் என்று கேட்டேவிட்டேன்.

"பொய்யின்னு யாருத்தா சொன்னா? கண்ணு தெரிஞ்சவங்க பாதி நேரம் பாக்காமலே சொல்லுவீங்க. அதான்."

அன்றைக்கு நான் பஸ்ஸின் பலகையைப் பார்த்திருக்கவில்லை. அந்த இடத்தில் அந்த நேரத்துக்கு நிற்பது ஆலங்குடி பஸ்தான் என்ற பழக்கத்தில் சொல்லியிருந்தேன்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ஆபரேட்டர் அக்கா. ஏழு வயதில் ஒரு காய்ச்சலில் பார்வை போனவர். மாடிப்படிக்குக் கீழே, ஒரு மேசையும் ஒரு மின்விசிறியும் மட்டும் கொள்ளும் அறையில், டெலிபோன் போர்டுக்கு முன்னால் எத்தனையோ வருடங்களாக உட்கார்ந்திருந்தார். எல்லோர் கையிலும் செல்போன் வந்த பிறகு அந்த போர்டு ஏறக்குறைய ஊமையாகிவிட்டது. ஆனாலும் மணி பத்தாவதற்குள் வந்து, போர்டைத் துணியால் துடைத்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, வராத அழைப்புகளுக்காக நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். அந்த நிமிர்வைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு முதுகு வலிக்கும்.

வர்ணித்துச் சொன்னால் அவருக்கு ஆகாது. ஐப்பசியில் ஒரு நாள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, விழுந்து எழுந்த பிள்ளையின் முழங்கால் மாதிரி வானம் கன்றிக் கிடக்கிறது என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். கையை உயர்த்தித் தடுத்தார்.

"முழங்காலு இருக்கட்டும். எந்தப் பக்கம் கறுத்துருக்கு? எறங்கும்போது கொடைய விரிக்கணுமா வேணாமா?"

அத்தோடு என் வானம் முடிந்துபோனது.

திருச்சியில் பார்வையற்றவர்கள் கூடிய ஒரு முகாமுக்குப் போய் வந்தவர், போனில் ஒரு செயலியோடு திரும்பினார். கேமரா பார்ப்பதையெல்லாம் சத்தமாக மாற்றிக் காதுக்குக் கொடுக்கும் செயலி. போனை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் அடையாள அட்டை மாட்டுகிற கயிற்றில் கட்டி, கேமரா வெளியே பார்க்கிற மாதிரி நெஞ்சில் தொங்கவிட்டுக்கொண்டார். காதை அடைக்காமல் கன்னத்து எலும்பில் உட்காரும் ஒரு ஹெட்போன். விளக்குமாற்றால் ஒரு வீச்சு வீசுகிற மாதிரி, நொடிக்கு ஒரு தரம் எதிரில் இருப்பதை இடமிருந்து வலமாகக் கூட்டித் தள்ளும். உயரத்தில் இருப்பது கீச்சென்று கேட்கும். தாழ இருப்பது கும்மென்று கேட்கும். வெளிச்சமாக இருப்பது உரக்க. இருட்டு என்றால் சத்தமே இல்லை. அவ்வளவுதான் அதன் இலக்கணம். ஆனால் உலகம் முழுவதையும் அதில் எழுதிப் படிக்க வேண்டும்.

நான் ஒரு தரம் வாங்கிக் கேட்டேன். கரகரவென்று, ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ. பத்து நிமிடத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன். அவர் இரண்டு வருடம் படித்தார். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் என்னை எதிரில் உட்கார வைத்து, கறுப்புத் துணியை மேசையில் விரித்து, அதன் மேல் ஏதாவது ஒன்றை வைக்கச் சொல்வார். டம்ளர், சீப்பு, சாவிக்கொத்து, என் கைக்கடிகாரம். நெஞ்சை அதற்கு நேராகக் கொண்டுபோய், மூச்சை அடக்கிக் கேட்பார்.

"தடதடன்னு ஓடுது. சீப்பு."

"ஆமாக்கா."

"நீ சொல்லாத. நான் தொட்டுப் பாத்துக்குறேன்."

தொட்டுப் பார்த்த பிறகுதான் முகத்தில் ஒரு சிறிய மலர்ச்சி வரும். நான் ஆமாம் என்றபோது வராது.

பஸ்ஸில் ஒரு நாள் சண்டை. எதிர் சீட்டில் இருந்த பெரிய மனிதர் ஒருவர், அக்காவின் நெஞ்சில் கேமரா தெரிவதைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"ஏம்மா, என்ன நீ பாட்டுக்கு வீடியோ எடுத்துக்கிட்டு வார? கேக்க ஆளில்லன்னு நெனச்சியா?"

"வீடியோ இல்லங்க. எனக்குக் கண்ணு தெரியாது. இது பாத்துச் சத்தமா சொல்லும்."

"அப்ப என்னையப் பத்தி என்ன சொல்லுது, சொல்லு பாப்போம்."

அக்கா தலையைக் கொஞ்சம் சாய்த்தார். "வெள்ளச் சட்டை போட்டுருக்கீங்க."

"சரிதான். எப்புடிச் சொன்ன?"

"காது வலிக்குதுங்க. கொஞ்சம் உக்காருங்களேன்."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார். பெரிய மனிதர் உட்கார்ந்தார். அவர் இறங்கிய பிறகு அக்கா என் பக்கம் சாய்ந்து, "நெசமாவே வலிக்குதுத்தா" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சாயங்காலம் ஆனால் நெற்றிப்பொட்டு இரண்டும் தெறிக்கும். கண்ணுக்கு இமை கொடுத்த சாமி காதுக்கு ஒரு மூடி வைக்கவில்லையே என்று முனகிக்கொண்டு, ஈரக் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொள்வார். எதற்குக்கா இத்தனை பாடு, கேட்டால் நான் சொல்ல மாட்டேனா என்பேன். "நீ சொல்லுவ. அது ஒன்னோடது. எனக்குன்னு ஒண்ணு வேணாமா?" என்பார். களைப்போடுதான் சொல்வார். அவர் பேசிய பெரிய பேச்சுகள் எல்லாம் களைப்பில் பேசியவை.

யார் சொன்னாலும் சரிபார்க்கிறவர், ஒரே ஓர் ஆள் சொன்னால் மட்டும் மறுகேள்வி கேட்க மாட்டார். அது அவருடைய தம்பி. ஆவூர்ப் பக்கத்தில் சொந்த ஊர், வேதக்கார, கிறிஸ்தவக் குடும்பம். தம்பி வளைகுடாவில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. மத்தியானம் சரியாக அக்காவுக்கு போன் வரும். சிறுவயதில் தம்பி அவருக்கு எதையும் வர்ணித்ததில்லையாம். கையைப் பிடித்துக் கொண்டுபோய் அதன் மேல் வைத்துவிடுவானாம். மாடு என்றால் மாட்டின் மேல். நெருப்பு என்றால், சுடுகிற தூரத்துக்குக் கொஞ்சம் முன்னால். "அவன் எங்கிட்ட வார்த்தையா எதையும் குடுத்ததில்ல" என்பார்.

செயலி வந்த பிறகு வெள்ளிக்கிழமைப் பேச்சு நீண்டது. ஒரு கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகும்போது நானும் கூடப் போனேன். திருச்சி ரோட்டில் பஸ் போகிறது, ஜன்னலோரம் அக்கா. நார்த்தாமலை கிட்டத்தில் திடீரென்று என் தொடையைப் பிடித்து அழுத்தினார். "ஏறுது. ஏறுது. எறங்கிருச்சு. திரும்ப ஏறுது." மலைகளைத்தான். வாய் திறந்தபடி, குன்று குன்றாக, கடைசிப் பாறை போகும் வரை கேட்டார். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாகத் தம்பிக்கு போன் போட்டு, "டேய், மலையப் பாத்துட்டேன்டா" என்றார். அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ, அக்கா வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக் கூடத்துச் சுவரையும் அப்போதுதான் கேட்டுப் படித்தார். சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர் முழுக்க இரைச்சல். அந்த இரைச்சலுக்கு நடுவே, சத்தம் குறைந்து மூன்று ஓட்டை. திருஇருதய ஆண்டவர், அப்பா, அம்மா. தம்பி மனைவி ஸ்டூல் போட்டுக் கொடுக்க, ஏறி நின்று மூன்று படங்களின் சட்டத்தையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

அதற்கடுத்த தையில் அக்காவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் துணைக்கு நான் இருந்தேன். மூன்றாம் நாள், அவர் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தபோது தம்பி மனைவி எனக்கு போன் செய்தார். தம்பி இறந்துவிட்டார். வேலைக்குக் கிளம்ப எழுப்பியிருக்கிறார்கள், எழுந்திருக்கவில்லை. நெஞ்சு.

"மதினிக்கு இப்பச் சொல்லிராதீங்க. தையல் காயலைன்னு சொன்னீங்களே. ஒரு ரெண்டு வாரம் போகட்டும். நானே சொல்றேன்."

சரி என்றேன். கட்டிலில் அக்காவின் கை என் புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தது. மெதுவாக விடுவித்துக்கொண்டு நடைக்குப் போய் அழுதுவிட்டு, முகம் கழுவி, குரல் சரியான பிறகு உள்ளே வந்தேன்.

உடல் வந்து சேர்ந்தது, அடக்கமும் முடிந்தது. அந்த இரண்டு வாரம் மட்டும் முடியவில்லை. தையல் காய்ந்தது, காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது, அவர் வேலைக்குத் திரும்பினார். முதல் நாளே எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் போனது. மறைத்த நாட்கள் சேரச் சேர, இறந்ததைச் சொல்வதோடு மறைத்ததையும் சொல்ல வேண்டியதாயிற்று. தம்பி வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார், பாலைவனத்துக்குள்ளே சைட்டு, டவர் இல்லை. இதுதான் நாங்கள் பேசி வைத்துக்கொண்டது.

தினமும் மத்தியானம் அக்கா அந்த நம்பரைப் போடுவார். பதிவு செய்த ஒரு பெண் குரல் அரபியில் ஏதோ சொல்லும். கேட்டு முடித்து வைப்பார். "இந்த அரபுக்காரியும் சளைக்காமத்தான் சொல்றா" என்பார். குவைத்தில் இருந்து திரும்பிய எங்கள் ஆபீஸ் டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். அவரும் கேட்டுவிட்டு, சுவிட்ச் ஆப்னு சொல்லுதுங்க என்றார். அக்கா தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவன் பொஞ்சாதிகிட்டக் கேட்டேன், பாலைவனத்துக்குள்ள சைட்டு, டவர் இல்லன்னு சொன்னா. ஹாஸ்டல்ல இருக்க அவன் பிள்ளைக்குப் போட்டுக் கேட்டேன், அவனும் பாலைவனத்துக்குள்ள சைட்டுங்குறான். நீ என்ன சொல்ற?"

"அதாங்க்கா. பாலைவனத்துக்குள்ள..."

"மூணு பேரும் ஒரே வார்த்தையில சொல்றீங்க. நெசம்னா ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும்த்தா."

நான் கோப்பு ஒன்றைப் புரட்டினேன். காகிதச் சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்று அந்த நேரத்தில் தோன்றியது. அவர் மேலே கேட்கவில்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் செயலியைப் போடவே இல்லை. "தலை வலிக்குது" என்று மட்டும் சொன்னார்.

ஈஸ்டருக்கு ஊருக்குப் போக வேண்டும் என்றார். தம்பி மனைவி என்னிடம், "கூட்டிட்டு வாங்க. பண்டிகை முடியட்டும், சாயங்காலமா நானே கையப் புடிச்சுக்கிட்டுச் சொல்லிர்றேன்" என்றார். போனோம். பஸ் நிறுத்தத்திலிருந்து நடக்கும்போது எதிர்ப்பட்ட இரண்டு பேர் துக்க முகத்தோடு வாயைத் திறந்தார்கள். நான் அக்காவின் கையைப் பிடித்தபடியே கண்ணால் சைகை காட்டி அவர்கள் வாயை அடைத்தேன். எத்தனை சுலபமாக இருந்தது அது. கண் தெரியாதவர் முன்னால் கண்ணாலேயே பேசி முடிப்பதைப் போல் ஓர் அசிங்கம் வேறு இல்லை. அதை நான் சரளமாகச் செய்தேன்.

வாசலிலேயே கறிக்குழம்பு வாசனை. சாவு விழுந்த வீட்டில் முதல் பண்டிகை கிடையாது. அடுப்பில் கறி ஏறாது. தம்பி மனைவி ஏற்றியிருந்தார். "வாங்க மதினி, வாங்க! வெயில்ல கறுத்துப் போய்ட்டீங்க" என்று, பத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கலகலப்பாக ஓடி வந்தார். முகம் அந்தக் குரலுக்குச் சம்பந்தமே இல்லாமல் வற்றிப் போயிருந்தது. கழுத்து வெறுமையாக இருந்தது. நான் பார்வையைத் திருப்பினேன். திருப்பிய இடத்தில், கூடத்துச் சுவரில், நாலாவதாகத் தம்பி இருந்தார். மாலை போட்டு, சட்டத்துக்குக் கீழே சின்ன பல்பு ஒன்று அணைந்து அணைந்து எரிய.

இதைக் கழற்றி வைக்கக் கூடாதா என்று நான் கையை விரித்தேன். அவர் தன் கண்ணைத் தொட்டுக் காட்டி, அக்காவைக் காட்டி, தலையை ஆட்டினார். அவருக்கு எங்கே தெரியப் போகிறது என்று அர்த்தம். காதுக்கும் மூக்குக்கும் வேண்டியதை யோசித்து யோசித்துச் செய்தவருக்கு, மதினி இப்போது சுவரைக் காதால் பார்ப்பார் என்பது மட்டும் மறந்துபோயிருந்தது.

அவர் காபி போட உள்ளே போனார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, நெஞ்சில் இருந்த போனைத் தடவிச் செயலியைப் போட்டார். சுவரைப் பார்க்கத் திரும்பினார். அசையாமல் இருந்தார்.

"நாலு இருக்கு."

நான் பையைத் திறந்து எதையோ தேடினேன்.

"ஏத்தா. சுவத்துல மூணு ஓட்டைதான இருந்துச்சு. இப்ப நாலு கேக்குது. அது என்ன?"

"காலண்டருக்கா." என் வாய் எனக்கு முன்னால் போய்ச் சொல்லிவிட்டது.

"பேன் ஓடுதே. காலண்டருன்னா ஆடும். இது ஆடல."

"ஆணி அடிச்சு... கீழயும் ஆணி அடிச்சிருக்கு."

அவர் இன்னும் சில வீச்சுகள் கேட்டார். நொடிக்கு ஒரு தரம் அந்தச் சுவர் அவருக்குள் இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருந்தது.

"அதுக்கு அடியில என்னமோ ஒண்ணு ஒரு தடவ இருக்கு, ஒரு தடவ இல்ல. மின்னி மின்னி எரியுதாத்தா?" அவர் குரல் உயரவில்லை. ரொம்ப தூரம் நடந்து வந்த ஆள் தண்ணீர் கேட்கிற குரல். "காலண்டருக்கு யாரு லைட்டுப் போடுவா?"

உள்ளே பால் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது. யாரும் அதை அணைக்கவில்லை. தம்பி மனைவி கதவு நிலையில் வந்து நின்றிருந்தார்.

"எனக்கு ஒரு சட்டம் கேக்குது, ஒரு லைட்டு கேக்குது. அதுக்குள்ள யாரு இருக்கான்னு இது சொல்லாது" என்று போனைத் தொட்டார். "அதுக்கு ஒரு மனுச வாய் வேணும். ஒன்னயத்தான் கேக்குறேன். யாரு?"

அந்தக் கேள்விக்கு முன்னால் நான் எத்தனை நாள் ஓடியிருப்பேன். கால் ஓய்ந்துவிட்டது.

"தம்பிதாங்க்கா."

அவர் தலையை ஆட்டினார், முன்பே அறிந்து வைத்திருந்த ஒன்றுக்கு ஆட்டுவது போல. "எப்ப?"

"தையில. நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப."

"எங்க வச்சீங்க?"

கதவு நிலையில் இருந்து பதில் வந்தது. "இங்கதான் மதினி. மாமா, அத்தைக்குப் பக்கத்துல." இப்போது அந்தக் குரலில் கலகலப்பு இல்லை.

அக்கா ஹெட்போனைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டார். அதிலிருந்து அந்தக் கீச்சு மெல்லியதாகக் கசிந்துகொண்டே இருந்தது. "படத்துல எப்புடி இருக்கான்?" என்று கேட்டார்.

எந்த அலங்காரமும் எனக்கு வரவில்லை. "பாஸ்போர்ட்டுக்கு எடுத்த போட்டோவப் பெருசாக்கியிருக்காங்க. நீலச் சட்டை. தலைய அழுத்தி வாரியிருக்கு. சிரிக்கல. எடப் பக்கம் மீசை கொஞ்சம் ஏறியிருக்கு."

"கத்திரியப் புடிச்சா அவனுக்குக் கை நேரா நிக்காது" என்றார்.

பிறகு கையை முன்னால் நீட்டினார். "இங்கிட்டு வாத்தா." தம்பி மனைவி வந்து அவர் காலடியில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது, சத்தம் இல்லை. இந்த வீட்டில் மதினி இருக்கும்போது சத்தம் இல்லாமல் அழ அவர் பழகியிருந்தார். அக்கா அவர் கைகளைத் தேடிப் பிடித்தார். பிடித்த விரல்கள் மணிக்கட்டுக்கு மேலே நின்றன. இரண்டு கையிலும் கண்ணாடி வளையல்.

"இது என்ன?"

"நீங்க வர்ற அன்னைக்கி மட்டும் போட்டுக்குவேன் மதினி. ஆஸ்பத்திரிக்கி ஒங்களப் பாக்க வந்தப்பயும் போட்டுக்கிட்டுத்தான் வந்தேன். நான் நடக்கும்போது சத்தம் கேக்கலைன்னா..."

அக்கா அந்த வளையல்களை ஒவ்வொன்றாக எண்ணுவது போல விரலால் நகர்த்தினார்.

"போதும்த்தா. கழட்டிரு. எனக்காக ஒண்ணும் போட்டுக்க வேணாம்."

அக்காவே கழற்றினார். முதல் கையில் எளிதாக வந்தன. இரண்டாவது கையில், கடைசி வளையல் கட்டைவிரல் எலும்பில் மாட்டிக்கொண்டது. என் பக்கம் திரும்பி, "சோப்பு கொண்டா" என்றார். குளியலறையில் தேய்ந்துபோன துணி சோப்புத் துண்டு ஒன்றுதான் இருந்தது. நனைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். அக்கா நுரை வரத் தேய்த்து, கையைக் குவித்துப் பிடித்து, மெல்ல மெல்லத் திருகினார்.

"வலிக்குதா?"

"வலிக்குது மதினி" என்றார் தம்பி மனைவி. சொல்லிவிட்டு, பத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அழத் தொடங்கினார்.